சாமான் கேட்டா "எதுக்கு"ன்னு கேக்குற ஹார்ட்வேர் கடை, சுங்கை சிப்புட், மலேசியா

ரொம்ப நாளா இந்த கடைய பத்தி எழுதணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன், போன வாரம் திரும்பவும் ஒரு சாமான விக்க மாட்டேன்னு சொல்லி வெறுங்கையோட அனுப்பிட்டாரு தவுக்கே (சீனக்கார மொதலாளி), அதான் இன்னிக்கு உக்காந்துட்டேன். விக்க மாட்டேன்னு சொன்ன கடைக்கு நாலரை ஸ்டாரான்னு கேக்காதீங்க, படிச்சிட்டு சொல்லுங்க.

கடை மெயின் ரோட்டுல பழைய கடை வரிசையில இருக்கு, வாசல்ல ரப்பர் பூட்ஸ், செம்பனை அருவா, பக்கெட்டு, தள்ளுவண்டி எல்லாம் தொங்கும், உள்ள போனா ரெண்டு பேரு ஒன்னா நடக்க முடியாது, சிமெண்டு மூட்டை மேல ஒரு பூனை எப்பவும் தூங்கிக்கிட்டு இருக்கும். விலை எதுலயும் ஒட்டியிருக்காது, எல்லாம் தவுக்கே தலையில தான் இருக்கு. அவரு அப்பா காலத்துல இருந்தே தோட்டத்து ஆளுங்க வந்து போற கடை, எங்க அப்பா பால் மரம் வெட்டுன (ரப்பர் பால் எடுத்த) காலத்துல சம்பளம் போட்டாதான் காசு, அது வரைக்கும் அந்த சின்ன 555 கடன் புக்குல எழுதிக்குவாங்களாம். அதனாலேயே தவுக்கேக்கு தமிழ் வரும், கடைத்தெரு தமிழ் தான், இலக்கணம் எல்லாம் பாக்கக்கூடாது, ஆனா திட்டுனா நல்லா புரியும்.

என் கதைய கொஞ்சம் சொல்லிடுறேன், இல்லன்னா ஏன் ஒரு பொம்பள வாரா வாரம் ஹார்ட்வேர் கடைக்கு போறான்னு தோணும். எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூருல வேல, மாசத்துக்கு ஒரு தடவ வருவாரு, வந்தா ரெண்டு நாளும் தூங்கணும். நான் தோட்டத்து ஆபீஸ்ல கிராணி, கணக்கு எழுதுற வேல. வீட்டுல நான், ரெண்டு புள்ளைங்க, மாமி (மாமியாரு). வீடு மாமனாரு 1991-ல வாங்குனது, தோட்டத்த வித்து லயத்த (தோட்டத்து வரிசை வீட்ட) காலி பண்ண சொன்னப்ப அடிச்சி புடிச்சி 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்குன மலிவு விலை வீடு, அப்ப அந்த மாதிரி வீட்டுக்கு அரசாங்கம் வச்ச விலையே அதுதான். அஸ்பெஸ்டாஸ் கூரை, ஒத்த மாடி, ரெண்டு பக்கமும் ஒட்டுன சுவரு.

இந்த தாமான்ல (குடியிருப்புல) பாதி பேரு லயத்துல இருந்து வந்தவங்க. லயத்துல இருந்தப்ப குழாய் ஒழுகுனா பெரட்டுல (காலையில வேலைக்கு ஆள் கூப்புடுற எடத்துல) கங்காணிகிட்ட சொல்லி வச்சா போதும், என்னிக்காவது ஒரு நாள் தோட்டத்து ஆசாரி வந்து செஞ்சிட்டு போவாரு, காசு கெடையாது, ஒரு தேத்தண்ணி குடுத்தா சரி. அதனால எங்க ஆளுங்களுக்கு சொந்தமா செய்யவும் பழக்கமில்ல, ஆள் வச்சி பேரம் பேசி வேல வாங்கவும் பழக்கமில்ல. மாமனாரு இருந்த வரைக்கும் எது ஒடஞ்சாலும் "பாப்போம்"னு சொல்லி கயித்துல கட்டி வச்சிருவாரு. அவரு போனதுக்கு அப்புறம் அந்த கயித்த எல்லாம் ஒவ்வொன்னா அவுக்குறது என் வேல ஆயிருச்சு.

மொதல்ல பெயின்டு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தீபாவளிக்கு ஹாலுக்கு மட்டும் பெயின்டு அடிக்க ஒருத்தர் 1,100 வெள்ளி கேட்டாரு, சரி நாமளே அடிப்போம்னு கடைக்கு போயி 5 லிட்டர் டின்னு ஒன்னு குடுங்கன்னு கேட்டேன். தவுக்கே உடனே எடுத்து குடுக்கல. செவுரு எவ்ளோ நீளம் எவ்ளோ ஒசரம்னு கேட்டாரு, நான் பெப்பேன்னு நின்னேன், வீட்டுக்கு போயி அளந்துட்டு வான்னு அனுப்பிட்டாரு. கோவம் தான் வந்துச்சு அன்னிக்கு. அளந்துட்டு வந்தா ஒரு அட்டைப்பெட்டிய கிழிச்சி அது மேல கணக்கு போட்டாரு, 40 சதுர மீட்டர், ரெண்டு கோட்டு, ஒரு லிட்டர் சுமாரா 10, 11 சதுர மீட்டர் புடிக்கும், அப்ப 5 லிட்டர் பத்தாது, 8 வேணும். 5 லிட்டர் ஒன்னும் 1 லிட்டர் மூனும் குடுத்து, தெறக்காத டின்ன திருப்பி கொண்டா காசு தரேன்னாரு. கடைசியில ஒன்னு மிச்சம் ஆச்சு, கொண்டு போயி குடுத்தேன், முணுமுணுக்காம காச குடுத்தாரு. அதுலேயே எனக்கு கடை புடிச்சிப்போச்சு.

பெயின்டு அடிக்கிறது கஷ்டமே இல்ல, அதுக்கு முன்னாடி சொரண்டுறது தான் கஷ்டம். எங்க ஹால்ல ஒரு மூலையில வெள்ளை வெள்ளையா உப்பு பூத்து பொரிஞ்சி இருந்துச்சு, அது மேலயே அடிச்சா ஆறு மாசத்துல திரும்ப உரிஞ்சிடும், தண்ணி எங்க இருந்து வருதுன்னு மொதல்ல பாருன்னு தவுக்கே சொல்லிட்டாரு. பாத்தா வெளிய செவுத்தோரம் மாமி வச்ச செடிச்சட்டி வரிசை, தெனமும் தண்ணி ஊத்தி ஊத்தி செவுரு கீழ இருந்து ஊறியிருக்கு. சட்டிய நகத்தி, ரெண்டு வாரம் காய விட்டு, சொரண்டி, பூஞ்சை இருந்த எடத்துல குளோராக்ஸ் தண்ணி போட்டு கழுவி, சீலர் ஒரு கோட்டு, அப்புறம் பெயின்டு. மாமி மூனு நாள் பேசல, செடி வாடிப்போச்சாம். மொத்த செலவு 310 வெள்ளி, எல்லா தப்பும் என் கண்ணுக்கு தெரியுற எடத்துலயே இருக்கு, ஃபேன் பக்கத்துல ஒரு எடம் திட்டு திட்டா, அத பாக்குறப்ப எல்லாம் சிரிப்பு வரும், அவ்ளோதான்.

அந்த தைரியத்துல தான் ஹீட்டர் விஷயத்துல மாட்டிக்கப் பாத்தேன். மாமிக்கு முட்டி வலி, காலையில பச்சத்தண்ணி ஆவல, வீட்டுக்காரரு ஆன்லைன் சேல்ல ஒரு வாட்டர் ஹீட்டர் வாங்கி அனுப்பிட்டாரு. செவுத்துல மாட்ட துளை போட தெரியும், தண்ணி பைப்பு திருக தெரியும், மிச்சம் கரண்டு தான, ஒரு 13 ஆம்ப் பிளக்கு வாங்கி வயருல மாட்டி குசினி (சமையல்கட்டு) சாக்கெட்டுல இருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கலாம்னு நெனச்சேன். சொல்ல வெக்கமா தான் இருக்கு, ஆனா நெனச்சேன்.

கடையில பிளக்க கையில எடுத்து காசு குடுக்க போறேன், தவுக்கே வழக்கம் போல எதுக்குன்னு கேட்டாரு. ஹீட்டருக்குன்னேன். ஒன்னும் பேசல, என் கையில இருந்து பிளக்க வாங்கி திரும்ப கொக்கியில மாட்டிட்டு வந்து உக்காந்தாரு. அப்புறம் கால்குலேட்டர எடுத்து என் பக்கம் திருப்பி வச்சி ஹீட்டர் எத்தன வாட்டுன்னு கேட்டாரு. 3,600. அத 230-ஆல வகுன்னாரு. பதினஞ்சர ஆம்ப்புக்கு மேல வந்துச்சு. பிளக்கு எவ்ளோ? 13. "தங்காச்சி, பெயின்டு தப்பு பண்ணா கண்ணு பாக்கும். கரண்டு தப்பு பண்ணா கண்ணு பாக்காது, செவுரு உள்ள சூடு, நீ தூங்குற, அது எரியுது"ன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்த சொல்ல.

அவரே ஒரு வயர்மேன் நம்பர எழுதி குடுத்தாரு. வந்தவரு நம்ம ஆளு தான், அண்ணே கார்டு காட்டுங்கன்னு கேட்டதுக்கு கோச்சிக்காம சுருஹான்ஜாயா தெனாகா (அரசாங்க எரிசக்தி ஆணையம்) கார்டு எடுத்து காட்டுனாரு. மொதல்ல செஞ்ச வேல என்னன்னா டி.பி. பெட்டிய (மெயின் சுவிட்ச் பெட்டி) தெறந்து அந்த டெஸ்ட் பட்டன அமுக்குனாரு. அமுக்குனா சுவிட்ச் டக்குன்னு விழணும். விழல. திரும்ப அமுக்குனாரு, விழல. "எத்தன வருசமா இப்படி இருக்கு தங்கச்சி"ன்னாரு, எனக்கு எப்படி தெரியும், அப்படி ஒரு பட்டன் இருக்குறதே அன்னிக்கு தான் தெரியும். கரண்டு கசிஞ்சா ஆள காப்பாத்துற சாமான் அது, செத்துப்போயி கெடந்திருக்கு, நாங்க ஈரக்கையோட சுவிட்ச் போட்டுக்கிட்டு இருந்திருக்கோம். அத மாத்தி, ஹீட்டருக்குன்னு பெட்டியில இருந்து தனி வயர் இழுத்து, 20 ஆம்ப் டபுள் போல் சுவிட்ச் குளியலறைக்கு வெளிய வச்சி, 10 மில்லி ஆம்ப் கசிஞ்சாலே விழுந்துடுற மாதிரி ஹீட்டருக்கு தனியா ஒன்னு போட்டு, எர்த்து சரியா இருக்கான்னு மீட்டர் வச்சி பாத்து, மொத்தம் 560 வெள்ளி. வலிச்சிச்சு, ஆனா ஒவ்வொரு வெள்ளியும் எங்க போச்சுன்னு காட்டுனாரு. இப்ப மாசம் பொறந்தா பட்டன அமுக்கி பாக்குறது என் பெரியவன் வேல, டிவி ஓடிக்கிட்டு இருக்குறப்ப தான் அமுக்குவான் அந்த கடன்காரன்.

குழாய் வேல நடுவுல கெடக்குற கேசு. குழாய் மாத்துறது சுலபம், மீட்டர் பக்கத்துல வால்வ அடைச்சிட்டு பழச திருகி எடுத்து, புதுசுல வெள்ளை டேப்பு சுத்தி மாட்டுறது. டேப்பு எந்த பக்கம் சுத்துறதுங்கிறது தான் விஷயம், மரை உங்கள பாத்து இருக்குற மாதிரி புடிச்சிக்கிட்டு கடிகார முள்ளு போற பக்கம் பத்து சுத்து இழுத்து சுத்தணும், மாத்தி சுத்துனா திருகுறப்ப டேப்பு சுருண்டு வெளிய வந்துரும், நான் மூனு தடவ மாத்தி சுத்தி மூனு தடவ நனைஞ்சேன். ஃப்ளஷ் டேங்க் வால்வும் நானே மாத்துனேன், 28 வெள்ளி. ஆனா பின்கட்டுல ஒரு குழாய திருகுறப்ப குழாயோட சேந்து செவுத்துக்குள்ள இருந்த பழைய இரும்பு பைப்போட துருப்பிடிச்ச மரையும் பிஸ்கட் மாதிரி உதுந்து கையில வந்துருச்சு. அதுக்கு மேல அது என் வேல இல்லன்னு அங்கேயே கை கழுவிட்டேன், கழுவ தண்ணி இல்லங்குறது வேற விஷயம். பிளம்பர் வந்து செவுத்த ஒடச்சி பழைய பைப்ப விட்டுட்டு வெளியவே பி.வி.சி. பைப்பு ஓட்டி குடுத்தாரு. அசிங்கமா தான் இருக்கு, ஆனா ஒழுகுனா தெரியும்.

இப்ப கூரை. இதுல தவுக்கேய கேக்காம போனது என் தப்பு. மழை பெஞ்சா குசினியில ரெண்டு எடத்துல சொட்டு சொட்டா விழுந்துச்சு, ஃபோன்ல வந்த ஒரு விளம்பரத்த பாத்து ஆள கூப்புட்டேன், பேரு ஊரு எல்லாம் வேணாம். வந்தாரு, அண்ணாந்து பாத்தாரு, 650 வெள்ளி, பாதி முன்பணம். ஏணி போட்டு ஏறி இருபது நிமிசத்துல எறங்கிட்டாரு, சிலிக்கான் ரெண்டு டியூப் காலியாகி கீழ கெடந்துச்சு. ஃபோட்டோ காட்டுங்கன்னு எனக்கு கேக்க தோணல, ரெசிட்டும் இல்ல. அன்னிக்கு வெயிலு, மீதி காசையும் குடுத்துட்டேன். ஏழு வாரம் நல்லா இருந்துச்சு, அப்புறம் அக்டோபர் மழை வந்துச்சு பாருங்க, நம்ம ஊரு அக்டோபர் நவம்பர் மழை தெரியுமே, மூனு மணிக்கு இருட்டி நாலு மணிக்கு கொட்டும், ரெண்டு எடத்துல ஒழுகுனது நாலு எடத்துல. ஃபோன் போட்டா நம்பர் போகல.

தவுக்கேகிட்ட போயி சொன்னா அவருக்கு சிரிப்பு. அவரு சொன்ன ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க, அப்பாவும் மகனும், வந்ததுமே ஏறல. மொதல்ல உள்ள இருந்து சட்டம் எங்கெங்க ஓடுதுன்னு பாத்துட்டு, ரெண்டு நீளப்பலகைய மேல ஏத்தி சட்டத்துக்கு குறுக்க போட்டு, அது மேல தான் நடந்தாங்க. பழைய அஸ்பெஸ்டாஸ் ஷீட்டு பாக்க கெட்டியா இருக்கும், நேரா மேல கால வச்சா அப்பளம் மாதிரி ஒடஞ்சி ஆளு குசினிக்குள்ள வந்து விழுவாரு. பாத்துட்டு வந்து ஃபோன்ல படம் காட்டுனாங்க, ஓட்டை ஷீட்டுல இல்ல, ஷீட்ட புடிச்சிருக்குற போல்டு தலைக்கு கீழ ரப்பர் வாஷர் இருக்குமே, அது வெயில்ல காஞ்சி பொடியாயிருக்கு, மொத ஆளு தண்ணி சொட்டுற எடத்துக்கு நேர் மேல சிலிக்கான் அப்பி வச்சிருக்காரு, தண்ணியோ ஆறு அடி மேல இறங்கி ஷீட்டு வளைவுல ஓடி வந்து இங்க சொட்டுது. 22 போல்டு மாத்தி, விரிசல் விட்ட ஒரு ஷீட்ட அறுக்காம முழுசா கழட்டி எறக்கிட்டு புது ஷீட்டு போட்டு 780 வெள்ளி. மீதி காச அடுத்த பெரிய மழைக்கு அப்புறம் குடுங்கன்னு அந்த பெரியவரே சொன்னாரு. இத மொதல்லயே செஞ்சிருந்தா 650 மிச்சம். அந்த காச நெனச்சா இன்னமும் வயிறு எரியும்.

டைல்ஸ் பத்தி அதிகம் சொல்ல வேணாம். குசினியில நாலு டைல்ஸ் பொங்கி மேல வந்துச்சு, நானே போட்டேன், ஒன்னு அரை நூலு ஒசரமா ஒக்காந்துருச்சு, மாமி கால் வெரல் அதுல இடிக்காத நாளே இல்ல. குளியலறை தரைய மட்டும் தொட மாட்டேன், சரிவு தப்புனாலோ வாட்டர்புரூஃப் விட்டுப்போனாலோ ஈரம் ஒட்டு செவுரு வழியா பக்கத்து வீட்டு அண்ணன் ரூம்புக்கு தான் போவும், அவரு வீட்டு செவுத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது. போர்ச்ச நீட்டி கட்டணும், பின்னாடி குசினிய பெருசாக்கணும்னு நெனைக்கிறவங்க கொத்தனார பாக்குறதுக்கு முன்னாடி கோல கங்சார் மஜ்லிஸுல (நகராட்சி மன்றம்) பிளான் பாஸ் பண்ணணும், அத விட்டுட்டு அப்புறம் நோட்டீஸ் வந்து அலையுற ஆளுங்க எங்க வரிசையிலேயே இருக்காங்க. திரைச்சீலை ரெயில் மாட்ட டிரில் போடறதெல்லாம் தாராளமா நீங்களே போடுங்க, சுவிட்சுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் நேர் பக்கவாட்டுலயும் மட்டும் வேணாம், வயர் பெரும்பாலும் அந்த கோட்டுல தான் போவும்.

போன வாரம் விக்க மாட்டேன்னது என்னன்னா கிரைண்டருக்கு அறுக்குற வட்டம். குசினியில புகை போக ஒரு ஃபேன் வைக்கலாம்னு கூரை ஷீட்டுல ஒரு ஓட்டை போட நெனச்சேன். எதுக்குன்னு கேட்டாரு, சொன்னேன், கையாலேயே வாய மூடி காட்டுனாரு. அஸ்பெஸ்டாஸ காஞ்ச மேனிக்கு அறுத்தா வர்ற தூசி நார் நாரா நுரையீரல்ல போயி ஒக்காந்துரும், இருபது முப்பது வருசம் கழிச்சி தான் வேலைய காட்டும், அறுத்த எனக்கு மட்டும் இல்ல, கீழ வெளயாடுற புள்ளைங்களுக்கும். ஃபேன செவுத்துல வையி, ஆள் வச்சி செங்கல்ல ஒடச்சி வையின்னாரு. சரிதான். 9 வெள்ளி வியாபாரம் அவருக்கு நஷ்டம்.

கொறைய சொல்லிடணும் இல்லையா. விலை ஆன்லைன விட கூட தான், ஒரு சுவிட்ச் அங்க 6 வெள்ளின்னா இங்க 9, ஆனா சிரிம் (தர முத்திரை) ஸ்டிக்கர் இருக்கான்னு கையில வச்சி பாத்து வாங்கலாம், அது இல்லாத கரண்டு சாமான நான் இப்ப தொடறதே இல்ல. ரெசிட்டு கேட்டா தான் எழுதுவாரு. கார் நிறுத்த எடம் இல்ல. அரை ஸ்டார் கொறச்சது அதுக்கெல்லாம் இல்ல, அவரு மகன் கடையில இருக்குற நாள்ல போனா எது கேட்டாலும் எடுத்து குடுத்துடுறான், எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்குறதில்ல, அந்த தம்பி ஃபோன்லயே தலைய வச்சிருக்கும். அதனால தவுக்கே இருக்குற நேரம் பாத்து போங்க, காலையில 8 மணிக்கு ஷட்டர் தெறக்குறதுல இருந்து மத்தியானம் சாப்புட போற வரைக்கும் இருப்பாரு. ஞாயித்துக்கிழமை 1 மணிக்கு மேல கடை இல்ல, சீனப்பெருநாளுக்கு ஒரு வாரம் இல்ல. தீபாவளிக்கு பெயின்டு அடிக்கிறதா இருந்தா மூனு வாரத்துக்கு முன்னாடியே போயிடுங்க, அப்புறம் போனா சீலர் முடிஞ்சிரும், செவுரு அளவ மறக்காம எழுதிக்கிட்டு போங்க, இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாரு.